வகைக்கு ஒன்று, கூண்டுக்கு ஒன்று

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கே அக்கா குளித்து, தலைவாரி, பெட்டியும் கையுமாக மாடிப்படியின் கீழே வந்து நின்றாள்.

"அப்ப நான் போயிட்டு வரேன்."

"சேர்ந்ததும் போன் பண்ணு," என்றார் அத்தான்.

பதினெட்டுப் படி ஏறி, மாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நிமிஷத்தில் அத்தானின் போன் அடித்தது. "சேர்ந்துட்டேன்," என்றாள் அக்கா. அத்தான் மேலே நிமிர்ந்து பார்த்து, "பிரயாணம் சௌகரியமா இருந்துதா?" என்று கேட்டார்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த தங்கை சின்னவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த ஒரு நாள் ஒழுங்காக நடந்தால் அக்கா வெள்ளிக்கிழமை நிஜமாகவே ரயில் ஏறுவாள். நடக்காவிட்டால் ஏறமாட்டாள். சனிக்கிழமை அவள் மகளுக்குப் பட்டமளிப்பு விழா. மகள் வெளியூர்க் கல்லூரியில் சேர்ந்து நாலு வருஷமாகிறது. அவள் தங்கியிருக்கும் அறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்றுகூட அக்காவுக்குத் தெரியாது. போன மாதம் மகள் போனில் கேட்டுவிட்டாள்: "அம்மா, நீ கூண்டுக்கு வெளிய இருக்கியா, உள்ள இருக்கியா?" அக்கா சிரித்துவிட்டுத்தான் போனை வைத்தாள். ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டுக்கு உப்புப் போட மறந்துவிட்டாள்.

வீட்டின் பின்கட்டில் பதினொரு கூண்டுகள். ஊருக்குப் போகிறவர்கள் தங்கள் செல்லப் பிராணிகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். இப்போது ஆறு நாய், மூன்று பூனை, ஒரு கிளி, ஒரு ஆமை. எதற்கு எப்போது என்ன கொடுக்க வேண்டும் என்பது முழுக்க அக்காவின் தலைக்குள் இருந்தது. எழுதி வையேன் என்றால், "எழுதினா மறந்துடும்" என்பாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிப் பேருந்து நிறுத்தம் வரை போனவள், ஆமைக்கு அத்தான் நாய் பிஸ்கட் போட்டுவிடுவாரோ என்று தோன்றித் திரும்பி வந்துவிட்டாள். போட்டிருந்தார்.

அத்தான் அன்பில்லாதவர் அல்ல. லிஃப்ட் மெக்கானிக். அந்தத் தொழிலில் தாளில் எழுதியிருப்பதைத்தான் செய்ய வேண்டும், தோன்றியதைச் செய்யக்கூடாது. "முப்பது வருஷம் ஆச்சு, பத்து விரலும் இருக்கு, எண்ணிப் பாரு" என்று யாரிடமும் கையை நீட்டிக் காட்டுவார். அவர் கையில் ஒரு தாளைக் கொடுத்துவிட்டால் உயிர் போனாலும் அதன்படி செய்வார். ஆமைக்கு என்ன என்று யாரும் தாள் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தாளை உண்டாக்குவதுதான் சின்னவள் எடுத்துக்கொண்ட வேலை.

பகலில் அவள் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில் உட்கார்ந்து, வலியோடு வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பவள். மாலையில் புரோகிராமிங் வகுப்பு. வகுப்பில் எல்லோரையும்விட அதிகம் எழுதிக்கொள்பவள் அவள்தான், எல்லோரையும்விடக் குறைவாகக் கை தூக்குபவளும் அவள்தான். நோட்டின் வலது பக்கம் பாடம், இடது பக்கம் சந்தேகம். இடது பக்கம்தான் சீக்கிரம் நிறையும்.

முதலில் அவள் எழுதிய புரோகிராமில் கூண்டு என்பது எதை வேண்டுமானாலும் வாங்கிப் போட்டுக்கொள்ளும் ஒரு பெட்டி. நாயும் போகும், கிளியும் போகும். வெளியே எடுக்கும்போதுதான் சிக்கல். வகுப்பில் எல்லார் முன்னாலும் ஓட்டிக் காட்டியபோது, ஒரு பெட்டியிலிருந்து எடுத்ததை நாய் என்று நம்பி நடக்கவிட, அது ஆமையாக இருந்து, புரோகிராம் அப்படியே மல்லாந்துவிட்டது. பின்வரிசையில் இருந்த மருந்துக்கடைக்காரர், "டீச்சர், ஆமை குரைக்க மாட்டேங்குதாம்!" என்று கத்த, வகுப்பே சிரித்தது.

டீச்சர் அவளைவிட இரண்டு வயதுதான் மூத்தவள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து சொன்னாள்: "பெட்டி செய்யறப்பவே, இது எதுக்கான பெட்டின்னு எழுதற இடத்தைக் காலியா விட்டுட்டு செய்யணும். அதான் ஜெனரிக். அச்சு ஒண்ணுதான். பயன்படுத்தறப்ப அந்தக் காலி இடத்துல நாய்னு எழுதினா நாய்ப் பெட்டி, பூனைன்னு எழுதினா பூனைப் பெட்டி. அப்புறம் நாய்ப் பெட்டில ஆமையை வைக்கப் போனா, புரோகிராம் ஓடறதுக்கு முன்னாடியே கம்ப்யூட்டர் கையைப் பிடிச்சுக்கும்."

சின்னவளுக்கு அது பிடித்துப்போனது. தப்பு செய்வதற்கு முன்னாலேயே யாராவது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அவளுடைய வாழ்நாள் ஆசை. அன்றைக்கே கூண்டை ஜெனரிக்காக மாற்றி எழுதினாள். அடுத்த மூன்று வாரம் அக்காவைத் துரத்தித் துரத்தி விவரம் வாங்கினாள்.

"மேனேஜருக்கு காலைல என்ன?" மேனேஜர் என்பது இரண்டாம் கூண்டு நாய். யார் வேலை செய்தாலும் பின்னால் வந்து நின்று மேற்பார்வை பார்க்கும்.

"அவனுக்கு என்ன, ரெண்டு கை தீனி. ஆனா நாம பாத்துட்டிருந்தா சாப்பிட மாட்டான். திரும்பி நின்னுக்கணும்."

"திரும்பி நிக்கிறதை எந்த இடத்துலக்கா போடறது?"

"அது உன் கவலை. மூணாம் கூண்டுக் குட்டிக்குத் தீனியை வெதுவெதுப்பான தண்ணில ஊற வைக்கணும். நூறு எண்ணற வரைக்கும்."

"வேகமா எண்ணணுமா, மெதுவாவா?"

"அடி போடி! என்னைப் பைத்தியம் ஆக்காத."

ஆனாலும் அக்கா சொன்னாள். சாம்பல் பூனைக்குக் காலையில் அரை மாத்திரை, பொடித்து ஈரத் தீனியில் கலந்து. கிளிக்கு ஆப்பிள், விதையை எடுத்துவிட்டு. அந்தக் கிளி எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசும், அதனால் அதற்கு வக்கீல் என்று பெயர். ஆமை எக்ஸ்பிரஸுக்குக் கீரை.

சோதனை பார்ப்பதில் சின்னவள் ஒரு குறையும் வைக்கவில்லை. வகைக்கு ஒன்றாக நாலு கூண்டு எடுத்துக்கொண்டாள்: ஒரு நாய், ஒரு பூனை, ஒரு கிளி, ஒரு ஆமை. நாலுக்கும் நாலு உணவுக் குறிப்பு. ஐந்து தடவை ஓட்டினாள். ஐந்து தடவையும் நாய்க்கு நாயுடையது, பூனைக்குப் பூனையுடையது. நாலு பிராணியையும் பெட்டி மாற்றி வைக்க முயன்றாள், கம்ப்யூட்டர் கையைப் பிடித்துக்கொண்டது. நோட்டின் இடது பக்கத்தில் முதல்முறையாக ஒன்றும் எழுதவில்லை.

நேற்றுச் சாயங்காலம் பதினொரு கூண்டையும் ஏற்றினாள். ஒவ்வொன்றை ஏற்றியதும் திறந்து பார்த்தாள், சரியாக இருந்தது. கடைசியில் கால்நடை மருத்துவர் போன் செய்தார். முதல் கூண்டில் இருக்கும் கிழவன் என்கிற வயசான நாய்க்கு மறுநாள் பன்னிரண்டு மணிக்கு வந்து ரத்தம் எடுக்கிறேன், அதுவரை தண்ணீர் மட்டும் கொடுங்கள் என்றார். அதையும் மாற்றினாள். திறந்து பார்த்தாள். அதுவும் சரியாக இருந்தது.

ஒத்திகை என்பது அக்காவின் யோசனை. "ஒரு நாள் நான் இல்லாத மாதிரி இருக்கேன். கீழ இறங்க மாட்டேன். நடந்தா டிக்கெட் எடு. நடக்கலேன்னா இந்தப் பேச்சை எடுக்கக் கூடாது." அதோடு இன்னொரு நிபந்தனை. நிஜமாக அவள் ஊருக்குப் போகிற நாளில் சின்னவள் காலையில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போயிருப்பாள். ஆகவே பத்து மணி வரை சின்னவளும் பின்கட்டுப் பக்கம் போகக்கூடாது. அத்தானும் தாளும் மட்டும்.

ஏழு மணிக்கு அத்தான் பொத்தானை அமுக்க, பிரிண்டர் கரகரவென்று ஒரு தாளைத் துப்பியது. அவர் அதை எடுத்து, கண்ணாடியை மாட்டி, மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்து, பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். சின்னவள் கூடத்தில் உட்கார்ந்து நகம் கடித்தாள்.

எட்டு மணிக்கு ஒரு குரைப்பு. எட்டேகாலுக்கு இரண்டு. ஒன்பது மணிக்கெல்லாம் பின்கட்டில் கச்சேரி களைகட்டிவிட்டது. நடுநடுவே வக்கீல், "இல்லை! இல்லை!" என்று ஆட்சேபித்தது. சின்னவள் இரண்டு தடவை எழுந்து இரண்டு தடவை உட்கார்ந்தாள். புது ஆள் பார்த்துக்கொள்வதால் இருக்கும் என்று தனக்குத் தானே சொன்னாள். சாப்பிட்ட நாய் இப்படிக் கத்துமா என்று அவளே கேட்டும்கொண்டாள்.

ஒன்பதரைக்கு அவள் போன் அடித்தது. அக்கா.

"என்னடி சத்தம் அங்க?"

"நீ ஊர்ல இருக்கக்கா. உனக்கு ஒண்ணும் கேக்காது."

"ஊர் வரைக்கும் கேக்குதுடி! ஆறும் கத்துது. குட்டி பசிச்சாத்தான் இப்படி இழுத்து இழுத்துக் கத்துவா."

"இன்னும் பத்து மணி ஆகலையே. நீதான சொன்ன, பத்து மணி வரைக்கும்..."

மாடிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு படி. இரண்டாவது படி. மூன்றாவது படியில் செருப்புச் சத்தம் நின்றது. பிறகு செருப்பு அதே மூன்று படியையும் திரும்ப ஏறியது. கதவு மூடியது. "சரி," என்றாள் அக்கா போனில். "நான் ஊர்ல இருக்கேன்."

போனை வைத்ததும் சின்னவள் பத்து மணி ஆகக் காத்திருக்கவில்லை. ஓடினாள்.

அத்தான் பின்கட்டில் ஒரு முக்காலியில், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, தாளை மடியில் விரித்து உட்கார்ந்திருந்தார். வரிகளுக்குப் பக்கத்தில் பேனாவால் சரி போட்டிருந்தார். சின்னவள் தாளைப் பிடுங்கிப் பார்த்தாள்.

முதல் கூண்டு, கிழவன்: மருத்துவர் வந்து ரத்தம் எடுக்கும்வரை தண்ணீர் மட்டும். இரண்டாம் கூண்டு, மேனேஜர்: மருத்துவர் வந்து ரத்தம் எடுக்கும்வரை தண்ணீர் மட்டும். மூன்றாம் கூண்டு, குட்டி: மருத்துவர் வந்து... ஆறு நாய்க்கும் ஆறு பெயரும் சரி, ஆறுக்கும் ஒரே பட்டினி. அதற்குக் கீழே ஏழு, எட்டு, ஒன்பது. மூன்று பூனை. மூன்றுக்கும்: அரை மாத்திரை, பொடித்து, ஈரத் தீனியில்.

நாய் ஒரு வேளை பட்டினி கிடந்தால் கத்தும், பிழைத்துக்கொள்ளும். மாத்திரை?

"அத்தான்! பூனைக்கு மாத்திரை குடுத்துட்டீங்களா?"

"ஆங்?" அவர் பஞ்சை எடுத்தார்.

"மாத்திரை! மூணு பூனைக்கும் குடுத்துட்டீங்களா?"

"ஒண்ணுக்குத்தான் குடுத்தேன். சாம்பலுக்கு."

"தாள்ல மூணுக்கும் போட்டிருக்கே?"

"போட்டிருக்கு," என்று தலையைச் சொறிந்தார், ஏதோ குற்றம் செய்தவரைப் போல. "ஆனா மாத்திரை அட்டை சாம்பலோட பைல மட்டும்தான் இருந்துது. மத்த ரெண்டும் எங்க போய் வாங்கிட்டு வரும்? அவங்க வீட்டுக்காரங்க குடுக்காததை நாம எப்படிக் குடுக்கறது? கேட்டுட்டு அப்புறம் டிக் போடலாம்னு விட்டுட்டேன்."

பார்த்தால் எட்டாம், ஒன்பதாம் வரிகளுக்குப் பக்கத்தில் சரி இல்லை. சிறிய கேள்விக்குறி. சின்னவள் அங்கேயே, குட்டியின் கூண்டுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். குட்டி கம்பி வழியாக அவள் காதை நக்கியது.

"அப்ப நாய்ங்களை ஏன் பட்டினி போட்டீங்க?"

"டாக்டர் வரார்னு நீதான் நேத்து சொன்ன. ஆறுக்கும் ரத்தம் எடுக்கப் போறார் போலன்னு நெனச்சேன். பாவமாத்தான் இருந்துது. அந்த மேனேஜர் என்னை ஒரு பார்வை பாத்தான் பாரு, எனக்கு மெமோ குடுக்கற மாதிரி."

அடுத்த பதினைந்து நிமிஷத்தில் கிழவனைத் தவிர ஐந்து நாய்க்கும், மீதி இரண்டு பூனைக்கும் தட்டு நிறைந்தது. அக்கா சொல்லிக்கொடுத்தது சின்னவள் தலைக்குள் இருந்ததால் தாள் தேவைப்படவில்லை. குட்டிக்கு இருவருமாக நூறு எண்ணினார்கள். மேனேஜருக்கு இருவரும் முதுகைக் காட்டி நின்றார்கள். பின்னால் நொறுக் நொறுக் என்று சத்தம் வந்தபோது அத்தான் மெல்ல, "இப்ப திரும்பலாமா?" என்றார். "வேண்டாம், இன்னும் இருக்கு," என்றாள் சின்னவள்.

கச்சேரி ஓய்ந்தது. அவள் மடிக்கணினியைக் கொண்டுவந்து முக்காலிமேல் வைத்துத் திறந்தாள். தப்பைக் கண்டுபிடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. திருத்த ஒரு சொல்லை அழிக்க வேண்டியிருந்தது.

கூண்டின் அச்சில் இரண்டு விஷயத்தைச் சேமித்து வைத்திருந்தாள். ஒன்று, உள்ளே இருக்கும் பிராணி. இன்னொன்று, அதன் உணவுக் குறிப்பு. இந்த இரண்டாவதற்கு முன்னால் ஸ்டேட்டிக் என்றொரு சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் வகுப்பில், மொத்தம் எத்தனை நாய், எத்தனை பூனை என்று வகைவாரியாக எண்ணிக்கை வைத்துக்கொள்ள அந்தச் சொல்லைப் போட்டிருந்தாள். சின்னவள் அந்த வரியைப் பார்த்து எழுதி, எண்ணிக்கை இருந்த இடத்தில் உணவுக் குறிப்பை வைத்துவிட்டாள். அந்தச் சொல் இருந்தால், வைக்கிற மதிப்பு கூண்டுக்குக் கூண்டு தனியாக இராது. நாய்க்கூண்டுகளுக்கெல்லாம் சேர்த்து ஒன்று, பூனைக்கூண்டுகளுக்கெல்லாம் சேர்த்து ஒன்று. கடைசியாக எழுதியவன் எழுதியதே எல்லாருக்கும். நாய்களில் கடைசியாக எழுதப்பட்டது கிழவனின் பட்டினி, பூனைகளில் சாம்பலின் மாத்திரை.

வகைக்கு ஒன்றாக நாலு கூண்டு வைத்து ஐந்து தடவை சோதித்தவளுக்கு அது எப்படித் தெரியும்? இரண்டாவது நாய் ஒன்றை வைத்திருந்தால் முதல் தடவையே தெரிந்திருக்கும்.

"என்னாச்சு, புரியற மாதிரி சொல்லு," என்றார் அத்தான்.

"ஒரு கட்டடத்துல ஒரே மாடல் லிஃப்ட் ஆறு இருக்குன்னு வைங்க. ஒண்ணு ரிப்பேர். நீங்க போர்டு மாட்டறீங்க. அந்த போர்டை லிஃப்ட் கதவுல மாட்டாம மாடல்ல மாட்டிட்டா?"

அத்தான் யோசித்தார். "ஆறும் ரிப்பேர்னு ஆயிடும். ஜனங்கள்லாம் படியேறும்." பிறகு, "மாடல்ல மாட்ட முடியுமா என்ன?" என்றார்.

"எங்க வேலைல முடியும், அத்தான். அதான் தொல்லை."

"நாய்ப்பெட்டில ஆமை வந்தா கையைப் பிடிச்சுக்கும்னியே?"

"வந்தா பிடிச்சுக்கும். நாய்ப்பெட்டில நாய்தான் இருந்துது, நாய்க்கான குறிப்புதான் இருந்துது. எந்த நாயோடதுன்னு அது கேக்காது. அது நான் கேட்டிருக்கணும்."

சொல்லை அழித்தாள். பதினொரு கூண்டுக்கும் குறிப்புகளை மறுபடி ஏற்றினாள். இந்த முறை முழுத்தாளையும் அச்சடித்து, ஒவ்வொரு வரியையும் அந்தந்தக் கூண்டின் முன்னால் போய் நின்று படித்தாள். எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. மணி பதினொன்றே கால். நாய்கள் தூங்கின.

"முடிஞ்சுதில்ல," என்றார் அத்தான், குரலைத் தாழ்த்தி. "சாயங்காலம் இறங்கி வரட்டும். காலைல கொஞ்சம் கத்துச்சு, அப்புறம் பழகிடுச்சுன்னு சொல்லிக்கலாம். பொண்ணு பட்டம் வாங்கறதை அவ பாக்கணும். அதுக்காக ஒரு பொய் சொன்னா ஒண்ணும் குறைஞ்சுடாது."

சின்னவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. புதுத் தாளைக் காட்டினால் போதும், யார் கண்டது? ஆனால் அவள் கண்டாள். எட்டாம், ஒன்பதாம் வரிகளுக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு கேள்விக்குறிகளையும் கண்டாள். அத்தானுக்கு அந்த ஒரு நொடி சந்தேகம் வராமல் இருந்திருந்தால்? நாலு நாளைக்கு வீட்டை நம்பி விட்டுவிட்டுப் போகிறவளிடம் அதைச் சொல்லாமல் எப்படி இருப்பது? பழைய தாளை எடுத்துக்கொண்டு பதினெட்டுப் படியும் ஏறினாள்.

அக்கா கட்டிலில் உட்காராமல் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள், ரயில் தாமதமான பயணியைப் போல.

"ஊருக்குள்ள யாரும் வரக்கூடாதுன்னு பேச்சு," என்றாள்.

"அக்கா, ஒத்திகை தோத்துடுச்சு." சொல்லும்போதே சின்னவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒன்றைக்கூட விடாமல், வரிசையாக, முதலில் நாய், பிறகு பூனை, பிறகு தன் சோதனையில் எங்கே கோட்டை விட்டாள் என்பது, எல்லாவற்றையும் சொன்னாள். "எனக்கு இந்த வேலை வராதுக்கா. ஒழுங்கா செய்யற மாதிரியே இருக்கும், உள்ள ஓட்டையா இருக்கும். நீ போகாத."

அக்கா தாளை வாங்கிப் பார்த்தாள். விரல் எட்டாம் வரியில் போய் நின்றது.

"இது யார் போட்ட கேள்விக்குறி?"

"அத்தான்."

"அவரா?" அக்கா எழுந்து ஜன்னலண்டை போய்க் கீழே பார்த்துக் கத்தினாள். "ஏங்க! தாள்ல போட்டிருந்ததை ஏன் செய்யல?"

கீழேயிருந்து அத்தான் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "தப்புதான். ரெண்டு வரி மட்டும்தான் விட்டேன். கேட்டுட்டு செய்யலாம்னு..."

"முப்பது வருஷத்துல முதல் தடவையா?"

"விரல் பத்தும் இருக்கு!" என்றார் அவர், கையைத் தூக்கிக் காட்டி.

அக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டே வந்து மறுபடி பெட்டிமேல் உட்கார்ந்தாள்.

"நான் இறங்கி வந்தேனா?" என்று கேட்டாள்.

"மூணு படி வந்த."

"திரும்பிப் போயிட்டேன்ல? அது கணக்குல வராது. நான் இறங்கி வரல. நாயெல்லாம் சாப்பிட்டுதா?"

"சாப்பிட்டுது."

"குட்டிக்கு நூறு எண்ணினீங்களா?"

"எண்ணினோம். அத்தான் எண்பதுலேர்ந்து கொஞ்சம் வேகமா போனார்."

"சாம்பலுக்கு அரை, மத்ததுக்கு இல்ல. தப்பு எங்கன்னு கண்டுபிடிச்ச. சரி பண்ணிட்ட. அப்புறம் என்கிட்ட வந்து சொல்லவும் சொல்லிட்ட. நான் நிஜமாவே ஊர்ல இருந்திருந்தாலும் இதேதான நடந்திருக்கும்?"

"இருந்தாலும், அக்கா, தப்பு நடந்துதே."

"நான் இருக்கறப்ப நடக்கலையா? போன வருஷம் கிளிக் கூண்டைத் திறந்து விட்டுட்டு நாள் முழுக்க மரத்துக்கு அடில நின்னேனே, மறந்துட்டியா? தப்பே நடக்காதுன்னு யாருடி கேட்டா? நடந்தா யார் பாப்பாங்கன்னுதான் எனக்குப் பயம்." அக்கா தாளை நாலாக மடித்தாள். "நான் இல்லாமலே எல்லாம் ஆயிடுச்சு." அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சந்தோஷம் மட்டும் இல்லை. சின்னவள் அதைக் கவனித்தாள்.

"வருத்தமாக்கா?"

"கொஞ்சம். இருக்காதா பின்ன?" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எந்திரிச்சுப் போ. சாயங்காலம் வரைக்கும் நான் ஊர்லதான் இருக்கேன். டிக்கெட்டை எடு. ஜன்னல் ஓரமா பாத்து எடு. அப்படியே, வெளியூர்க்காரிக்கு யாராவது சாப்பாடு குடுத்தனுப்பினா நல்லாருக்கும்."

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கதவைச் சாத்தும்போது அக்கா போனை எடுத்து மகளுக்குப் பேச ஆரம்பித்திருந்தாள். படியில் நின்று கேட்பது தப்புதான். கேட்டாள்.

"வெள்ளிக்கிழமை கிளம்பறேன்டி... ஆமா, நிஜமாத்தான்... நாய்க்கெல்லாம் ஆள் இருக்கு, நீ அதைப் பத்திக் கவலைப்படாத... அழறியா? எதுக்குடி அழறே? சரி சரி, அழுதுக்கோ." பிறகு, பின்கட்டில் புதுப் பிராணி வந்த முதல் நாள் அதன் கூண்டின் முன்னால் நின்று கேட்பாளே, அந்தக் குரலில் அக்கா கேட்டாள்: "ஏன்டி, நீ இப்பல்லாம் காலைல என்ன சாப்பிடறே?"